நாலே நாளில் மொத்த உருளைக்கிழங்குக் காடும் கருகிவிட்டது. இது எப்படிப் பரவுகிறது?

பெரம்பூர்க்காரன்
எல்லோருக்கும் வணக்கம். நான் சென்னை பெரம்பூரில் இருக்கிறேன். மனைவியின் ஊர் கோத்தகிரிப் பக்கம். மாமனாருக்கு முடியாமல் போனதால், அவருடைய அரை ஏக்கரை இரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாதம் இரண்டு முறை சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிப் போய்வருவேன். மற்ற நாட்களில் எல்லாம் போன்தான்.

ஆகஸ்ட் கடைசியில் கடைபோகத்துக்குக் கிழங்கு நட்டோம். குஃப்ரி ஜோதி ரகம், 15 மூட்டை விதை. தீபாவளிக்குப் போனபோது 60 நாள் பயிர், பச்சைப்பசேல் என்று நின்றது. "இந்தப் போகம் கைகொடுத்துவிடும் மாப்பிள்ளை" என்று மாமனார் சொன்னார். கீழ் ஓரத்தில் ஏழெட்டுச் செடிகளில் மட்டும் இலை நுனி வெந்தாற்போல் இருந்தது. பனி பட்டிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஞாயிறு இரவு ரயில் ஏறினேன். வியாழன் காலை போன் வருகிறது, காடு முழுக்கக் கருகிவிட்டது என்று. கொதிக்கிற தண்ணீரை ஊற்றினமாதிரி தண்டு வரைக்கும் கறுத்துத் தொங்குகிறதாம். இடையில் நாலு நாளும் விடாத மழை, மூடுபனி. அவசரத்துக்குக் கடையில் கேட்டு ஒரு மருந்து அடித்திருக்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை.

நாலு நாளில் அரை ஏக்கர் எப்படிப் போகும்? விதையில் வந்ததா, காற்றிலா, மண்ணிலா? மண்ணுக்குள் இருக்கிற கிழங்காவது மிஞ்சுமா? மாமனார் மூன்று நாளாகக் காட்டுப் பக்கமே போகவில்லையாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைக்காடு
அண்ணா, நானும் கோத்தகிரிதான். பிழைப்புக்காக வேளச்சேரியில் இருக்கிறேன். படிக்கும்போதே வயிறு கலங்குகிறது. இது கருகல் நோய், சந்தேகமே வேண்டாம். ஐப்பசி மழையில் மூடுபனி நாலு நாள் நின்றால் கருகல் வந்தே தீரும். எங்கள் வீட்டில் அப்பா இரண்டு முறை இப்படி இழந்திருக்கிறார். வானத்தைத்தான் குறை சொல்ல வேண்டும், நாம் செய்வதற்கு எதுவும் இல்லை. உங்கள் மாமனாரிடம் மனதை விடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

நுண்ணோக்கி
தாம்பரத்தில் இருக்கிறேன். பயிர் நோயியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் வருத்தம் புரிகிறது தம்பி. ஆனால் மலைக்காடு சொன்னதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். மழையும் மூடுபனியும் நோயை வளர்த்துவிடும், உண்டாக்காது. நோய் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதன் பெயர் பின்பருவ இலைக்கருகல். செய்கிறது பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்ற நுண்ணுயிர். நோய் பட்ட இலையின் அடிப்பக்கத்தைக் காலையில், ஈரம் காய்வதற்குள் திருப்பிப் பார்த்தால், கறுத்த இடத்தின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் பூச்சு தெரியும். அந்தப் பூச்சு முழுக்க நுண்ணிய காம்புகள், காம்பு நுனியில் எலுமிச்சை வடிவில் வித்துப்பைகள். காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் நின்று, வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருந்தால் ஒரே இரவில் இவை ஆயிரக்கணக்கில் உருவாகிவிடும். காலையில் ஈரப்பதம் குறையும்போது காம்பிலிருந்து கழன்று காற்றில் ஏறும். வெயில் அடித்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் செத்துவிடும். மேகமூட்டமாக இருந்தால் உயிரோடு பல கிலோமீட்டர் போகும். மழைத்துளி தெறித்துப் பக்கத்துச் செடிக்குப் போவது தனி.

போய் விழுந்த இடத்தில் ஈரம் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். இலைமேல் தண்ணீர் படலமாக நின்று, குளிரும் 12 டிகிரியை ஒட்டி இருந்தால், ஒரு வித்துப்பை வெடித்து எட்டுப் பத்து நீந்தும் வித்துகளை வெளியே விடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வால். அந்தத் தண்ணீரில் நீந்திப் போய் இலையில் ஒட்டி, முளைத்து, உள்ளே துளைத்துவிடும். குளிர் இல்லாமல் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் வித்துப்பையே நேராக முளைக்கும். அப்போது ஒரு பைக்கு ஒரு முளைதான். குளிர்ந்தால் ஒன்று எட்டாகிறது. மலையில் இரவு குளிர், பகல் மிதமான சூடு, நாள் முழுக்க ஈரம். ஐப்பசியில் உங்கள் காடு இதற்கென்றே அமைந்த இடம்.

இப்போது நாலு நாள் கணக்குக்கு வருகிறேன். உள்ளே போனபிறகு மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு வெளியில் ஒன்றும் தெரியாது, இலை பச்சையாகவே இருக்கும். தீபாவளிக்கு நீங்கள் பார்த்த பச்சையில் பெரும்பகுதி ஏற்கெனவே நோய் புகுந்த பச்சை. நாலு நாளில் நோய் பரவவில்லை தம்பி, அதற்கு முன்பே பரவிவிட்டது. நாலு நாளில் நடந்தது, அது கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்தான்.

அந்த ஏழெட்டுச் செடிகள் காட்டில் எந்த இடத்தில் இருந்தன, பக்கத்தில் என்ன இருந்தது என்று யோசித்துச் சொல்லுங்கள்.

மாடித்தக்காளி
இதைப் படித்ததும் பயமாகிவிட்டது சார். திருவான்மியூரில் மாடியில் 12 பையில் தக்காளி வைத்திருக்கிறேன். ஒரு வாரமாக அடி இலையில் பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள். தக்காளிக்கும் இதே நோய் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடவா?

நுண்ணோக்கி
அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள் அம்மா. தக்காளியும் உருளையும் ஒரே குடும்பம், நோயும் பொது. அது உண்மை. ஆனால் உங்கள் புள்ளியை உற்றுப் பாருங்கள். வெட்டிய மரத்தில் தெரிவதுபோல வளையம் வளையமாக இருந்தால் அது முன்பருவ இலைக்கருகல், ஆல்டர்நேரியா என்ற பூஞ்சையால் வருகிற வேறொரு நோய். சூடான ஊரிலும் நன்றாக வரும், அடி இலையில்தான் ஆரம்பிக்கும், மெதுவாக மேலே ஏறும். கெட்ட இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, இலை நனையாமல் வேரில் தண்ணீர் விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பின்பருவக் கருகலுக்கு வளையம் கிடையாது. இலை ஓரத்திலோ நுனியிலோ தண்ணீரில் ஊறினாற்போல் வெளிர்பச்சையாக ஆரம்பித்து, ஒழுங்கில்லாத வடிவத்தில் கறுத்துக்கொண்டே போகும். இன்னமும் சந்தேகம் இருந்தால், நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி ஒன்று உண்டு. ஒரு பாலித்தீன் பையில் நனைத்த காகிதம் வைத்து, அந்த இலையைப் போட்டுக் கட்டி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் ஓர் இரவு வையுங்கள். காலையில் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூச்சு கட்டியிருந்தால் பின்பருவக் கருகல். சென்னையில் கார்த்திகை வந்தால்கூட இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். உங்கள் செடிக்கு அது வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

கோயம்பேட்டு மண்டி
கோயம்பேட்டில் உருளைக்கிழங்கு மொத்த வியாபாரம். காட்டில் நடக்கிறது எனக்குத் தெரியாது, மூட்டையில் நடக்கிறது தெரியும். ஆக்ராக் கிழங்கு, கோலார்க் கிழங்கு, மேட்டுப்பாளையம் வழியாக வருகிற ஊட்டிக் கிழங்கு எல்லாம் எங்களிடம் இறங்கும். மழைக்காலத்தில் மலையிலிருந்து வருகிற சில மூட்டைகளில், வெளியே பார்த்தால் லேசாகக் குழிவிழுந்து ஊதாவும் பழுப்பும் கலந்த கறை இருக்கும். தோலைச் சீவினால் உள்ளே செம்பழுப்பாகத் துரு பிடித்தாற்போல் ஓடியிருக்கும். அன்றைக்குக் கெட்டியாக இருக்கிற கிழங்கு நாலு நாளில் கூழாகி, பக்கத்துக் கிழங்கையும் கெடுத்து, மூட்டைக்குக் கீழே தண்ணீராக வழியும். அந்த நாற்றம் வந்தாலே நாங்கள் மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிடுவோம். இதுவும் அதே நோய்தானா ஐயா? மனுஷருக்கு ஏதாவது ஆகுமா?

நுண்ணோக்கி
அதேதான். இலையில் உருவான வித்துப்பைகளை மழை கழுவி மண்ணுக்குள் இறக்கும். மேலாகக் கிடக்கிற கிழங்கின் கண் வழியாகவும் காயம் வழியாகவும் உள்ளே போகும். அது முதலில் உலர்ந்த அழுகல்தான். அந்தப் புண் வழியாகப் பாக்டீரியா நுழைந்தபிறகுதான் நீங்கள் சொல்கிற கூழும் நாற்றமும். இந்தக் கிருமி செடியைத்தான் தாக்கும், மனிதரை ஒன்றும் செய்யாது. ஆனாலும் அழுகினதை யாரும் சமைக்க வேண்டாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கழித்துக் கொட்டுகிற கிழங்கையோ, முளைவிட்ட கடைக் கிழங்கையோ விதைக்கு என்று மலைக்காரர் யாராவது மலிவாகக் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். இந்த நோய் ஒரு போகத்திலிருந்து அடுத்த போகத்துக்குத் தாண்டுவதற்கு முக்கியமான படகு நோயுள்ள கிழங்குதான். காய்ந்த இலையில் அது வெகு நாள் தங்காது. உயிருள்ள கிழங்குக்குள் மாதக்கணக்கில் தூங்கும். நட்டதும் முளையோடு சேர்ந்து மேலே வரும்.

பெரம்பூர்க்காரன்
ஐயா, நீங்கள் "பச்சையிலேயே நோய் புகுந்திருந்தது" என்று எழுதியதை மாமனாருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்படியென்றால் நான் மருந்து அடிக்கத் தாமதித்ததால் மட்டும் போகவில்லை, இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் மூன்று நாளாகத் தனியாகச் சுமந்திருக்கிறார்.

கடையில் கொடுத்த மருந்தின் பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கார்பன்டாசிம் என்று போட்டிருக்கிறது. "பூஞ்சைக்கு முதல் மருந்து" என்று சொல்லிக் கொடுத்தார்களாம்.

நுண்ணோக்கி
இதைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. கார்பன்டாசிம் நல்ல மருந்துதான், ஆனால் இந்த நோய்க்கு அது தண்ணீருக்குச் சமம். பைட்டோப்தோரா பார்ப்பதற்குப் பூஞ்சை மாதிரி இருக்கும், பூஞ்சை கிடையாது. அதன் செல்சுவர் செல்லுலோஸால் ஆனது, பூஞ்சைக்கு கைட்டின். பரம்பரையில் பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கிய உறவு. அதனால் பூஞ்சையைக் கொல்கிற பல மருந்துகளுக்கு இதனிடம் பிடிமானமே இல்லை. கடையில் உட்கார்ந்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவருக்கு இந்த ஒன்று தெரியாததால், ஒரு குடும்பத்தின் பணமும், மிச்சம் இருந்த ஒன்றிரண்டு நாளும் வீணாகிவிட்டன.

இதற்குப் பயன்படுவது மேங்கோசெப். லிட்டருக்கு 2 கிராம் வீதம், நட்ட 45, 60, 75ஆம் நாட்களில் அடிக்கலாம் என்பது நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இது இலைமேல் கவசமாக நிற்கிற மருந்து, உள்ளே போன கிருமியைத் தொடாது. நோய் வருவதற்கு முன்னால், இலையின் அடிப்பக்கமும் நனைகிறபடி அடித்திருக்க வேண்டும். உள்ளே ஊடுருவுகிற மெட்டலாக்சில் வகை மருந்தும் உண்டு. ஆனால் அதையே திரும்பத் திரும்ப அடித்து, அதற்கு மசியாத கிருமிகள் உருவாகிவிட்டன. ஐரோப்பாவில் 1980லேயே அது தெரிந்துவிட்டது, நம் நாட்டிலும் பிறகு வந்துவிட்டது. எந்த மருந்தையும் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்த வேண்டும். அடுத்த போகத்துக்கு முன் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரை நேரில் பாருங்கள்.

மலைக்காடு
ஐயா, எங்கள் தாத்தா மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார். பெரிய மண்தொட்டியில் கலக்குவார், இரும்புச் சாமான் பக்கத்தில் வரக் கூடாது என்பார். அடித்தபிறகு செடியெல்லாம் நீலம் பூத்தாற்போல் நிற்கும். அதெல்லாம் வீண் வேலை என்று அப்பா காலத்தில் விட்டுவிட்டோம். ஜோதி விதை வந்த புதிதில் கருகலே வராது என்று சொன்னதாக அப்பா சொல்வார். இப்போது அந்த ஜோதிதான் முதலில் போகிறது. ஏன் அப்படி?

நுண்ணோக்கி
உங்கள் தாத்தா செய்தது போர்டோ கலவை. பிரான்சில் திராட்சைத் தோட்டங்களில் வந்த அடிச்சாம்பல் நோய்க்கு 1885இல் மில்லார்டே என்பவர் வெளியிட்ட முறை. 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். அதுவும் முன்கூட்டியே அடிக்க வேண்டிய கவசம்தான், வீண் வேலை இல்லை. அவர் இரும்பை விலக்கியதும் சரியே, மயில்துத்தம் இரும்பை அரித்துவிடும்.

குஃப்ரி ஜோதி 1968இல் வெளியான ரகம். அதில் சில எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்திருந்தார்கள். கிருமி ஒரு போகத்தில் எத்தனையோ தலைமுறை எடுக்கிறது, அதில் ஏதாவது ஒன்று அந்தப் பூட்டுக்குச் சாவி கண்டுபிடித்துவிட்டால் போதும். அப்புறம் ரகம் பெயருக்குத்தான் எதிர்ப்பு ரகம். இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இந்தக் கிருமியில் ஏ1, ஏ2 என்று இரண்டு இணைவகை உண்டு. 1980கள் வரை மெக்சிகோவுக்கு வெளியே உலகம் முழுக்க ஏ1தான். பிறகு ஏ2வும் பரவியது. 13_ஏ2 என்கிற கடுமையான வகை ஐரோப்பாவிலிருந்து தென்னிந்தியாவுக்கும் வந்து, கர்நாடகத்தில் தக்காளியைக்கூட அழித்திருக்கிறது. இரண்டு வகையும் ஒரே செடியில் சந்தித்தால் தடித்த சுவருள்ள வித்துகள் உண்டாகும், அவை செடியே இல்லாமல் மண்ணில் காத்திருக்கக் கூடியவை.

மலைக்காடு தம்பி, வானத்தைத்தான் குறை சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். 1845இல் அயர்லாந்திலும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தக் கோடையில் பெல்ஜியத்தில் தெரிந்த நோய் செப்டம்பருக்குள் கடல் தாண்டி அயர்லாந்து போய்ச் சேர்ந்தது. குளிர்ந்த மழையால் கிழங்கு அழுகுகிறது என்று பெரிய பெரிய அறிஞர்கள் எழுதினார்கள். இலையில் இருக்கிற பூஞ்சணம்தான் காரணம் என்று பெர்க்லி என்ற பாதிரியார் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. 1861இல் டி பாரி என்ற ஜெர்மானியர் ஆரோக்கியமான செடிமேல் வித்துகளை வைத்து நோயை வரவழைத்துக் காட்டிய பிறகுதான் வழக்கு தீர்ந்தது. அதற்குள் பட்டினியிலும் காய்ச்சலிலும் 10 லட்சம் பேர் செத்துப்போனார்கள், அதற்கும் மேல் எத்தனையோ லட்சம் பேர் ஊரைவிட்டுக் கப்பலேறினார்கள். ஏழைகளுக்குக் கிழங்கைத் தவிர வேறு சாப்பாடு இல்லாமல் வைத்திருந்த ஆட்சிமுறை அதற்குப் பெரிய காரணம், நோயை மட்டும் சொல்லக் கூடாது. இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது உங்கள் நீலகிரியில்தான், 1870களில். 150 வருடமாக உங்கள் ஊரில் இருக்கிற எதிரி. அதன் வழி தெரிந்தால் தடுக்க முடியும்.

மலைக்காடு
ஐயா, மழையின் தலையில் போட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அப்பாவிடம் இதை இன்றைக்கே பேசப்போகிறேன்.

பெரம்பூர்க்காரன்
வெள்ளி இரவே ரயில் ஏறிப் போய்விட்டு வந்தேன். கண்டதை எழுதுகிறேன்.

அந்த ஏழெட்டுச் செடி இருந்தது காட்டின் கீழ் ஓரம், ஓடைக்குப் பக்கம். அங்கே ஒரு குப்பைமேடு. இதற்கு முந்தின கார்போகக் கிழங்கை ஆகஸ்டில் தரம் பிரித்தபோது, அழுகினது, வெட்டுப்பட்டது எல்லாவற்றையும் ஆட்கள் அங்கேதான் கொட்டியிருக்கிறார்கள். கொட்டச் சொன்னவன் நான்தான். எங்கே கொட்டலாம் என்று போனில் கேட்டார்கள், ஓடைப் பக்கம் போடுங்கள் என்று பெரம்பூரில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். அந்த மேட்டில் தானாக முளைத்த செடிகள் இடுப்பளவு வளர்ந்து, கறுத்துக் காய்ந்து நிற்கின்றன. அங்கிருந்து விசிறி விரித்தாற்போல் கருகல் மேலே ஏறியிருப்பது தெரிகிறது. காற்று அடித்த திசையும் அதுதான் என்று மாமனார் சொன்னார். ஒரு பிடுங்கிய செடியின் இலையைப் பையில் போட்டு வைத்தேன். காலையில் அடியில் வெள்ளைப் பூச்சு, ஐயா சொன்ன மாதிரியே.

எங்கள் காட்டுக்கு மேலே இருக்கிறவரின் கிழங்கும் போய்விட்டது. அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், "என் ஓரத்திலும் ஒரு மேடு இருக்கிறது" என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

கிழங்கை என்ன செய்வது ஐயா? இரண்டு செடி தோண்டிப் பார்த்தோம். எலுமிச்சை அளவு இருக்கிறது, நாலில் ஒன்றில் கறை.

நுண்ணோக்கி
அவரிடம் போய்ச் சொன்னீர்களே, அது பெரிய காரியம் தம்பி.

இப்போதே தோண்டாதீர்கள். கருகின செடிகளைத் தரையோடு அறுத்துக் காட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். பிறகு இரண்டு வாரம் மண்ணைத் தொடாதீர்கள். மேல்மண்ணில் இருக்கிற வித்துகள் சாகவும், கிழங்கின் தோல் முதிரவும் அந்த இடைவெளி வேண்டும். கறை உள்ள கிழங்கும் அதற்குள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மழை இல்லாத நாளாகப் பார்த்துத் தோண்டி, நிழலில் உலரவிட்டுப் பொறுக்குங்கள். ஒரு கிழங்கைக்கூட விதைக்கு வைக்க வேண்டாம். குப்பைமேட்டைக் கிளறி, இரண்டடிக்குக் குறையாத குழியில் போட்டு மூடுங்கள், ஓடையை விட்டுத் தள்ளி.

அடுத்த முறை நட்டதும் மண்ணை நன்றாக உயரமாக அணையுங்கள். கிழங்குக்கு அதுதான் குடை. சென்னையில் இருந்துகொண்டே நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. பிரிட்டனில் 2017 முதல் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்து இரண்டு நாள், குறைந்தபட்ச வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாமல், ஒவ்வொரு நாளும் ஆறு மணி நேரமாவது ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால் அது ஆபத்து அறிகுறி. சிம்லாவில் இருக்கிற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் இன்டோ பிளைட்காஸ்ட் என்று முன்னறிவிப்பு முறை ஒன்றை உருவாக்கியிருக்கிறது. உங்களுக்கு அவ்வளவு கருவி வேண்டாம். ஈரப்பதமானி ஒன்றை மாமனார் வீட்டுத் திண்ணையில் மாட்டி, தினமும் காலையில் போனில் கேளுங்கள்.

கோயம்பேட்டு மண்டி
பெரம்பூர் அண்ணே, தோண்டும்போது சொல்லுங்கள். சின்னக் கிழங்காக இருந்தாலும் கறையில்லாமல் பொறுக்கிக் கொண்டுவந்தால், பேபி கிழங்கு என்று எடுத்துக்கொள்கிற ஓட்டல்காரர்கள் இருக்கிறார்கள். பேசி வைக்கிறேன்.

மாடித்தக்காளி
என் தக்காளி இலையைப் பையில் வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பூச்சு வரவில்லை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வளையம் தெரிகிறது. கெட்ட இலைகளைக் கிள்ளிவிட்டேன். பெரம்பூர் அண்ணா, கிழங்கு வந்தால் எனக்கும் ஐந்து கிலோ.

பெரம்பூர்க்காரன்
செடிகளை அறுத்துப் புதைத்தாயிற்று. மேல்காட்டுக்காரரும் அன்றைக்கே ஆள் விட்டுத் தன் மேட்டை மூடிவிட்டார். ஈரப்பதமானி பாரிமுனையில் வாங்கியிருக்கிறேன், இந்த வெள்ளிக்கிழமை கொண்டுபோகிறேன். தோண்டுகிற தேதியை மாமனார்தான் குறிப்பாராம். நேற்றுக் காலை அவரே குடை பிடித்துக்கொண்டு காட்டுக்குப் போய்வந்தார் என்று மாமியார் சொன்னார்.